காவலருக்கும் ஒரு காவல்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால் கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், மருத்துவம் பயின்றவனல்லன். எனினும், ஒரு மாணவிக்கு நான் இழைத்த தவறு இந்நோயைப் பற்றித் தேடிப் படிக்குமாறு என்னைச் செய்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் நம் வீட்டுப் பெண்ணொருத்தி படித்தாள். பாடம் நடக்கும்போதே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். திரும்பி வந்த சிறிது நேரத்தில் சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பாள். பாடத்திலிருந்து தப்பிக்கும் தந்திரம் என்று கருதி, அவளை வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தேன். உடல் மெலிந்து வருவதையும் கண்டேன். வறுமை என்று எண்ணி வாளாவிருந்தேன். பத்து நாட்களுக்குள் அவள் வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, நினைவிழந்து விழுந்தாள். திருச்சிக்குக் கொண்டு சென்று, இன்சுலின் செலுத்தி மீட்டார்கள். அன்றிரவு அவள் தந்தை என்னிடம் கேட்டார்: "ஐயா, நாங்க கஞ்சி குடிக்கிற சனம். எங்க புள்ளைக்கு எங்கேருந்துங்க வந்துச்சு சர்க்கரை?"

அவருக்கு நான் அன்று சொல்ல இயலாத விடையைத்தான் இன்று சொல்ல முற்படுகின்றேன்.

அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் துன்புற்றார் என்பதை நாம் அறிவோம். நடுவயதிற்குப் பின் பெரும்பாலோர்க்கு வரும் நீரிழிவு இரண்டாம் வகை. அச்சிறுமிக்கு வந்தது முதல் வகை. இனிப்பு உண்டதாலோ, பெற்றோர் செய்த பிழையாலோ வருவதன்று இது. நம் கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்னும் சிறுசிறு தீவுகள் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. நோய்க்கிருமிகளை அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவையே திசைமாறி அந்தப் பீட்டா அணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றன.

வாழைத்தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். இரவுக் காவலுக்கு ஆள் வைத்திருக்கின்றோம். விடியுமுன் தார் வெட்ட வந்த கூலியாளைத் திருடன் என்று கருதி அவன் கம்பை ஓங்குகின்றான். (காவலாளியின் கம்பு பிழையான முதுகில் விழுவது எப்படியென்று நம் பெரியோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) அப்போது, "நில்லடா, அவர் நம்ம ஆள்!" என்று கையைப் பிடித்துத் தடுக்கும் மூத்த காவற்காரர் ஒருவர் வேண்டுமல்லவா? நம் உடலில் அப்படிப்பட்டவர் இருக்கின்றார். ஒழுங்குபடுத்தும் டி அணு என்பது அவர் பெயர்.

இவரைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியை அகற்றினால், அதன் எதிர்ப்பாற்றல் குன்றும் என்றே எவரும் எண்ணுவர். மாறாக, அதன் எதிர்ப்பணுக்கள் வெறிகொண்டு அதன் உறுப்புகளையே தாக்கின. ஜப்பானின் நகோயா நகரில் ஷிமோன் சகாகுச்சி என்னும் இளம் ஆய்வாளர், நலமான எலியிலிருந்து எடுத்த டி அணுக்களை அவ்வெலிகளுக்குச் செலுத்தினார்; நோய் தடுக்கப்பட்டது. அடக்கும் அணுக்கள் என்ற கருத்தையே அறிஞருலகம் நம்ப மறுத்த காலம் அது. அவர் விடாது உழைத்து 1995இல் அவ்வணுக்களை அடையாளம் காட்டினார். அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறவியிலேயே நோயுற்று மடியும் ஒருவகை எலிகளை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்று 2001இல் வெளியிட்டனர். இம்மூவர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண்குழந்தைகள் மிகமிக அரியர். அவர்களுள் பலர்க்குப் பால்குடிப் பருவத்திலேயே நீரிழிவு வந்துவிடுகின்றது. மூத்த காவற்காரர் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. நம் சிறுமியைப் போன்றோர்க்கு அவ்வணுக்கள் அறவே இல்லாமற் போகவில்லை. அவற்றின் பிடி தளர்ந்துவிடுகின்றது, அல்லது தாக்கும் அணுக்கள் அவற்றின் சொல் கேட்பதில்லை என்பதே அறிஞர்தம் கருத்து.

அவ்வாறாயின் அவ்வணுக்களைப் பெருக்கிச் செலுத்தலாகாதா என்று கேட்பீர்கள். போலந்தில் குழந்தைகளுக்கும், பின்னர் அமெரிக்காவில் வயதுவந்தோர்க்கும், அவரவர் குருதியிலிருந்தே எடுத்து வளர்த்துச் செலுத்திப் பார்த்திருக்கின்றார்கள். பெருந்தீங்கு நேரவில்லை, ஆனால் இன்சுலினை நிலையாகக் கைவிடும் நிலையும் வரவில்லை. ஆகவே இன்று உயிர் காப்பது ஊசிதான். 1922 சனவரியில், கனடாவின் டொரண்டோ நகரில், சாகும் நிலையிலிருந்த லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். அவன் 1935 வரை வாழ்ந்தான்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். ஊசி தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியுள்ள பீட்டா அணுக்கள் சற்றே தலைதூக்கும். மருந்தின் அளவு குறையும். அச்சிறுமிக்கும் குறைந்தது. மதுரைக் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டதென்று பாட்டியார் மகிழ்ந்து ஊசியை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் மீண்டும் திருச்சிக்கு ஓடினோம். வேண்டுதல் வேண்டாமென்று நான் கூறவில்லை. தேரையும் தூக்குங்கள், ஊசியையும் போடுங்கள். அந்தக் குறைவு சில மாதங்களுக்கே; அது குணமன்று.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மருந்தை எங்கே வைப்பது என்று அவள் தாயார் கலங்கினார். மருத்துவமனைச் செவிலியர் வழி சொன்னார்: பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி, உள்ளே சிறு மண்பானை வைத்து, அதில் பயன்படுத்தும் குப்பியை வைத்து மூடி, மணல் காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். என் அறையிலும் அப்படியொரு பானை இருக்கின்றது. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கின்றது. சர்க்கரை பார்க்கும் பட்டைகளை அக்குடும்பம் கூலிக் காசில்தான் வாங்குகின்றது. சங்கத்தின் உதவித்தொகையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்க இயலுமா என்று பொறுப்பாளர்களை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றேன்.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களே! அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற மெலிவு ஆகிய மூன்றும் ஒரு பிள்ளையிடம் காணப்பட்டால் அதனை வெளியே நிற்க வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அந்தப் பெண் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கின்றாள். இவ்வுரையில் அணுக்களைப் பற்றி நான் கூறியவற்றைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் என்னைத் திருத்தியவளும் அவளே.