விடுமுறை வீடும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, கீரிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில ஓகஸ்ட் விடுமுறையில் திறக்கப்படுகின்றன. கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்வோர் தம் பிள்ளைகளோடு வந்து சில நாள் தங்குவர். ஒருகாலத்தில் நாள்தோறும் அடுப்பெரிந்த வீடுகள் இவை. 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. பற்றை வெட்டி, கூரையிழந்த சுவர்களுக்கு ஓடு வேய்ந்து, கிணறு இறைத்து, மூதாதையர் மனையையே விடுமுறை இல்லமாக்கிக்கொண்டோர் உளர்.

அங்கே பொழுது இனிது கழியும். காலையிற் கீரிமலைக் கேணியில் நீராடலாம். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. மதிலுக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் குளிர்ந்த நன்னீர். பின்னர், துவிச்சக்கர வண்டியேறி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்லலாம். அன்றேல், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய துறையெனக் கருதப்படும் மாதகற் சம்பில்துறைக்குச் செல்லலாம். பனம்பழம் பொறுக்குவது சிறுவர் வேலை. பணியாரம் சுடுவது அம்மம்மாவின் வேலை. இரவில் எல்லோரும் முற்றத்திலே வட்டமாயிருந்து, கோலிய பலாவிலையில் ஒடியற் கூழ் அருந்துவர்.

இவ்வின்பம் யாவற்றுக்கும் ஆதாரம் நிலத்தடி நீரே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்குகிறது. கிணற்றில் ஊறுவதும் கீரிமலையிற் சுரப்பதும் அந்நீரே. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்தது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும், ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறுவதற்கு வழியுண்டாகும்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மின்பம்பிக்கோ களைப்பில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிய, குழாயைத் திறந்துவிட்டு நீராடும் விருந்தினர் பத்து நாளிற் புறப்பட்டுவிடுவர். அடுத்த காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்கைபண்ணும் கமக்காரர் அங்கேயே இருப்பர். கிணறு உவர்த்தால் அவர் எங்கே செல்வார்?

ஆகவே, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் கையிலே முதல் நாளே ஒரு வாளியைக் கொடுத்துக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. தம் கையால் இழுத்த நீரை எவரும் எளிதில் வீணாக்கார். இழந்த மனையை மீட்டுத் திருத்திய குடும்பத்தார்க்கு, அம்மனையின் கிணற்றைக் காத்துப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் கடமையும் உண்டு.