ஒகேனக்கல் தண்ணீரும் நம்ம அரசலாறும்

(தலத்தெருவில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாச்சு. மிச்சம் இருப்பது ஒரே விஷயம். இந்த வருஷம் குழுக்கள் எல்லாம் சேர்ந்து எங்கே போகப் போகிறோம்? குற்றாலம், கொடைக்கானல் என்று சில குழுக்கள் கேட்டிருந்தீங்க. தீர்மானப் புத்தகங்களைப் பார்த்தால் அதிகம் பேர் எழுதியிருப்பது ஒகேனக்கல். எங்களுக்கும் அதில் சந்தோஷம்தான். குளிச்சோம், மீன் சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம் என்று திரும்பி வருகிற ஊர் இல்லை அது. அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே கொஞ்சம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

நம்ம பக்கம் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டின தூரம் வயல், அதைத் தாண்டினால் கடல். ஆனாலும் ஒகேனக்கல் நமக்கு அந்நிய ஊர் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி எடுத்துக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போகிறோமே, அந்தத் தண்ணீர் எந்த வழியாக வருது என்று யோசித்துப் பாருங்க. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, கர்நாடகம் முழுக்க ஓடி, தமிழ்நாட்டு எல்லையில் ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, மேட்டூர் அணையில் தேங்கி, கல்லணை தாண்டி, கும்பகோணத்துப் பக்கம் அரசலாறாகப் பிரிந்து, கடைசியில் காரைக்காலில் கடலில் கலக்குது. அவங்க வீட்டு வாசலில் விழுகிற தண்ணீர்தான் நம்ம கொல்லைப்புறம் வந்து சேருது.

ஒகேனக்கலுக்குக் கொஞ்சம் மேலே பிலிகுண்டுலு என்று ஒரு இடம். அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கு. கர்நாடகம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்பதை அங்கேதான் அளக்கிறாங்க. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புப்படி வருஷத்துக்கு 177.25 டிஎம்சி அந்த இடத்தில் வந்து சேர வேண்டும். காவிரியின் மொத்தத் தண்ணீர் 740 டிஎம்சி என்று கணக்கு. அதில் நம்ம காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. அதுவும் கடைமடைக்கு, எல்லாரும் எடுத்தது போக. தண்ணீர் வராத வருஷம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, ஊருக்கு வருவோம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. தண்ணீர் விழுகிற வேகத்தில் சாரல் புகை மாதிரி எழும்புவதால் அந்தப் பெயர். குற்றாலம் மாதிரி உயரத்திலிருந்து கொட்டும் என்று நினைத்துப் போகாதீங்க. இங்கே ஆறே பல கிளையாகப் பிரிந்து பாறை இடுக்குகளில் இறங்கி ஓடுது. பெரிய அருவி, ஐந்தருவி, சினி ஃபால்ஸ் என்று பேர் வைத்திருக்காங்க. பரிசலில் உட்கார்ந்து அந்தப் பாறைச் சந்துக்குள்ளே போகும்போது இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கல் நிற்கும். நாம தட்டை பூமியில் பிறந்தவங்க, கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்.

அருவியைச் சுற்றி இருக்கிற காட்டைப் பற்றிச் சொல்லணும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தது. அதற்கு முன்னாலேயே, 2014இல், காவிரி வடக்கு சரணாலயம் வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தக் கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். மூன்றும் சேர்ந்து யானைகளுக்கு ஒரே வீடு மாதிரி. யானைக்கு ஏது மாநில எல்லை? ஆற்றில் முதலையும் நீர்நாயும் உண்டு. கரையில் நீர்மருது மரங்களில் சாம்பல் நிறப் பெரிய அணில் வசிக்குது. நம்ம வீட்டு முருங்கையில் ஓடுகிற அணிலைவிடப் பல மடங்கு பெரிசு. மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற உயிர் அது, கரையோர மரங்களை வெட்டினால் அதற்குப் போக்கிடம் இல்லை.

போன வாரம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "தண்ணி குடகுலேருந்து வருது, கர்நாடகா திறந்தாத்தான் வருது. நடுவுல காடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" நியாயமான கேள்வி. காவிரித் தண்ணீரில் பெரும்பகுதி மேலே இருந்துதான் வருது, அந்தக் காடுதான் காவிரியை உண்டாக்குது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கரையில் மரம் இல்லாவிட்டால் மழையில் மண் கரைந்து ஆற்றோடு போகும். போகிற மண் எங்கே தங்கும்? கீழே மேட்டூரில். 1934இல் கட்டி முடித்த அணை அது. முழுசாகப் பிடித்தால் 93.47 டிஎம்சி. அந்த இடத்தை மண் அடைத்தால் அத்தனை தண்ணீர் நமக்குக் குறையும். சின்னாறு போன்ற ஓடைகளும் இந்தக் காட்டு வழியாக வந்துதான் காவிரியில் சேருது. காடு மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மொட்டைப் பாறை ஒரே நாளில் விட்டுவிட்டுக் காய்ந்து கிடக்கும். இதுதான் வித்தியாசம்.

காட்டைப் பாதுகாக்கணும் என்று நாம இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம். அந்தச் செலவு யார் தலையில் விழுது? 2022இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்றது. அதே வருஷம் இந்தக் காடும் சரணாலயம் ஆச்சு. ஆலம்பாடி மாடு என்று அந்தப் பக்கத்துக்கே உரிய இனம் ஒன்று உண்டு. காட்டு மேய்ச்சலை நம்பியே வளர்ந்த மாடு. பரம்பரையாக அதை ஓட்டிப் போன குடும்பத்துக்கு இது லேசான விஷயமா? யானை வந்து கேழ்வரகுக் கொல்லையை மிதித்துவிட்டுப் போனால் விடிய விடிய காவல் காப்பதும் அவங்கதான். சரணாலயம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வேண்டும். ஆனால் பலன் கிடைக்கிறது கீழே இருக்கிற நமக்கு, கஷ்டம் பக்கத்தில் இருக்கிற அவங்களுக்கு. மேய்ச்சலுக்கு மாற்று வழி, பயிர் போனால் தாமதமில்லாத இழப்பீடு, இது இரண்டும் இல்லாமல் பலகை மட்டும் நட்டால் காடு நிற்காது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அந்த மாவட்டத்துப் பெண்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஆற்றோரத்தில் இருந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் ரொம்பக் காலம் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைத்தான் குடித்தாங்க. பாறைக்குள் ஆழத்தில் கிடக்கிற தண்ணீரில் அது கரைந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பல் காவியேறும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும், மூட்டு பிடிக்கும். குடம் தூக்குகிற பொம்பளைக்கு மூட்டு பிடித்தால் என்ன பாடு! ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதே காவிரி.

இரண்டாவது, நம்ம கதை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு எங்கே ஆரம்பிச்சது தெரியுமா? இதே தருமபுரி மாவட்டத்தில்தான். 1989இல், ஐஃபாட் என்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம். இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. நாம இன்றைக்குச் சேமிப்புப் புத்தகம், தீர்மானப் புத்தகம் என்று எழுதுகிற பழக்கமெல்லாம் தமிழ்ப் பெண்களிடம் அங்கேதான் முதலில் வந்தது. அதனால் பென்னாகரம் பக்கத்துக் குழு ஒன்றை ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு செய்து கொண்டிருக்கிறோம். நீங்கள் கேட்க வேண்டியதை இப்போதே யோசித்து வையுங்க.

இனி நடைமுறை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர், துணிப்பை. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பைகளும் கப்புகளும் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை, தண்டம் கட்ட வேண்டியிருக்கும். சோப்பு, ஷாம்பு பாக்கெட் வேண்டாம். அங்கே எண்ணெய் தேய்த்து விடுகிறவங்க பிழைப்பே அதுதான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தேய்த்துக்கொள்ளாமலும் குளிக்கலாம். பழைய புடவையை ஆற்றில் விடுகிற வேலை கண்டிப்பாக வேண்டாம், அது பாறையில் சுற்றிக் கிடக்கும். சாப்பாடு இங்கேயிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கே உள்ள பெண்களே சமைத்துத் தருவாங்க. கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்க, பேசினதைக் குறைக்காதீங்க. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அத்தனை பேர் அடுப்பும் அன்றைக்கு அணைந்துவிடும். நம்ம ஊர் மீனவர்களுக்குத் தடைக்காலம் எப்படியோ அப்படி.

பரிசலில் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக் கூடாது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற பேச்சே வேண்டாம். 2015இல் பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கு. சின்னப் பிள்ளைகளைப் பரிசலுக்குக் கூட்டி வர வேண்டாம், கரையில் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர் இருக்கணும்.

2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலைக் கடைசியிலும் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்து, குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டாங்க. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் எடுப்போம். தண்ணீர் அதிகமென்றால் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போகும், கட்டிய பணம் அப்படியே இருக்கும். பேர் கொடுப்பவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஊக்குநரிடம் பாதித் தொகை கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்க. ரசீது இல்லாத பேர் பட்டியலில் ஏறாது.