வலையமைப்பின் காவலும் மறைவழியும்



கல்வி நிலையங்களின் கணினி வலையமைப்பை நிருவகிப்போர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலைக் குறித்துப் பேச விழைகின்றேன். அடையாளம் மறைக்கும் 'பிராக்சி' கணினிகளைத் தடுப்பதே அச்சிக்கல்.

பிராக்சி என்பது யாது? தடைசெய்யப்பட்ட தளத்தை மாணவன் நேரே அணுகாமல், வெளியே உள்ள ஓர் இடைநிலைக் கணினியிடம் கேட்கிறான். அது அத்தளத்தைப் பெற்று அவனுக்கு அனுப்புகிறது. பள்ளியின் காவற்கருவிக்கு இடைநிலைக் கணினியின் பெயர் மட்டுமே தெரியும்; அதற்கப்பால் அவன் சென்ற இடம் தெரியாது.

அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டு இறுதியில் சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இணையக் கட்டணத்தில் அரசின் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும் என்றது அச்சட்டம். நூலகங்களைப் பற்றிய பகுதியை எதிர்த்து அமெரிக்க நூலகச் சங்கம் வழக்காடியது. 2003இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வயது வந்தோர் கேட்டால் நூலகர் தடையை நீக்கலாம் என்பதும் அத்தீர்ப்புக்கு ஓர் அடிப்படையாக அமைந்தது. மறுபுறம், பென்னட் ஹேசல்டன் 1996இல் தொடங்கிய 'பீஸ்ஃபயர்' என்னும் அமைப்பு, வீட்டுக் கணினியையே பிராக்சியாக மாற்றும் மென்பொருளை வெளியிட்டது.

ஆகவே, அறியப்பட்ட பிராக்சிகளைப் பட்டியலிட்டுத் தடுப்பது மட்டும் போதாது. ஒன்றை அடைத்தால் மற்றொன்று முளைக்கும். வெளிச்செல்லும் போக்குவரத்து அனைத்தும் நிறுவனத்தின் சொந்த வாயில் வழியாகவே செல்லுமாறு அமைத்தல் வேண்டும். தளப்பெயருக்கு முகவரி கூறும் டி.என்.எஸ். வினாக்களும் நிறுவனத்தின் கணினிக்கே செல்ல வேண்டும். 2018இல் இவ்வினாக்களை மறையாக்கிய வலைப்போக்குவரத்துக்குள் அனுப்பும் நெறி வகுக்கப்பட்டபின் அக்காவலும் தளர்ந்தது. எனவே, நிறுவனத்துக்குச் சொந்தமான கணினிகளில் மாணவர் தாமே மென்பொருள் நிறுவ இயலாதவாறு கட்டுப்படுத்துவது இன்றியமையாததாகிறது. மறையாக்கத்தைப் பிரித்துப் படிக்கும் முறையும் உண்டு. ஆயின் வங்கிக் கணக்கும் மருத்துவச் செய்தியும் அதில் வெளிப்பட்டுவிடும். அத்தகைய தளங்களுக்கு விலக்களித்தலே நேர்மை.

இளைஞர்களே, இலவசமாகக் கிடைக்கும் மறைவழியை நம்பாதீர்கள். வலைப்பக்கமாக இயங்கும் பிராக்சியில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் அதன் உரிமையாளன் கையில் விழக்கூடும். அவன் யார் என்பதை நீங்கள் அறியீர்கள். பள்ளியின் கண்ணிலிருந்து தப்பி முன்பின் அறியாதவனின் கையில் சிக்குவது விடுதலையாகாது.

தடை விதிப்போர்க்கும் கடமை உண்டு. சொல்லை மட்டும் பார்த்துத் தடுக்கும் வடிகட்டி, மார்பகப் புற்றுநோயைப் பற்றிய மருத்துவப் பக்கத்தையும் மூடிவிடும். பாடத்துக்குத் தேவையான பக்கம் காரணமின்றி மூடப்பட்டால், நல்ல மாணவனும் மறைவழியை நாடுவான். எதனைத் தடுத்தோம், ஏன் தடுத்தோம் என்பதை அறிவித்தல் வேண்டும். தவறாக மூடியதைத் திறக்கக் கோரும் முறையும், அதற்கு விரைவில் விடையளிக்கும் பொறுப்பாளரும் இருத்தல் வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய வலையமைப்புகளின் திறவுகோலை ஏந்துவீர்கள். அன்று, அறிவின் வாயிலை அடைப்பவன் அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவன் என்பதை மறவாதீர்கள். இன்று மாணவராயிருப்போர், மூடிய கதவைக் கண்டால் சுவரேறிக் குதியாமல், திறக்குமாறு உரிமையுடன் கேளுங்கள். மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.