ஒரு விலா எலும்பு குறைந்த கதை



இன்று நான் பேசப் புகுவது ஒரு சித்திரக்காரர் எழுதிய புஸ்தகத்தைப் பற்றி. சுயமரியாதைக்காரனுக்குச் சித்திரம் எதற்கென்று கேட்பீர்கள், சற்றுப் பொறுங்கள்.

இத்தாலியில் சென்னினோ சென்னினி என்று ஒருவர் இருந்தார். அக்னோலோ காடி என்பவரிடம் 12 வருஷம் தொழில் கற்றவர். சுமார் 1400-ஆம் வருஷத்தில் தம் தொழிலை எழுதி வைத்தார். பாதிரிகளின் லத்தீனில் அல்ல, கடைத்தெருவில் ஜனங்கள் பேசிய பாஷையில். கையெழுத்துப் பிரதிகள் சிலவே மிஞ்சின. அவற்றுள் ஒன்று 1437-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் கடன்பட்டோரை அடைக்கும் சிறைச்சாலையில் எழுதி முடிக்கப்பட்டது. அச்சேறியதோ 1821-இல்!

மாதா படத்தின் அங்கியிலுள்ள நீலத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய லாபிஸ் என்னும் கல்லிலிருந்து. அதை வெண்கல உரலில் மூடி இடித்துச் சலித்து, ஒரு பவுண்டு கல்லுக்குப் பைன் மரப் பிசின் 6 அவுன்ஸ், மஸ்தகி 3 அவுன்ஸ், புது மெழுகு 3 அவுன்ஸ் உருக்கிச் சேர்த்து, மூன்று இரவு மூன்று பகலாவது வைத்து, தினமும் பிசையச் சொல்கிறார். பிறகு சாம்பல் காரநீரில் கோலால் அழுத்தினால் நீலம் இறங்கும்; முதலில் இறங்குவதே உயர்ந்தது. இதில் மந்திரம் எங்கேயாவது இருக்கிறதா? இளம் முகத்துக்கு வர்ணம் குழைக்கப் பட்டணத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள் கரு, கிழவர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்றுகூடப் பிரித்துச் சொல்கிறார். கையால் செய்து கண்ணால் கண்டவர் பேச்சு இது.

ஆனால் அதே மனிதர், ஆணுக்கு இடது பக்கத்தில் பெண்ணைவிட ஒரு விலா எலும்பு குறைவு என்றும் எழுதிவிட்டார்! எண்ணிப் பார்த்தா எழுதினார்? ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் உண்டானாள் என்ற வேதக்கதையை நம்பி எழுதினார். கோழி முட்டையில் காட்டிய கவனம் சொந்த விலாவில் இல்லை. 1543-இல் வெஸாலியஸ் என்ற வைத்தியர், பிணத்தை அறுத்துப் பார்த்து, இருவருக்கும் பக்கத்துக்கு 12 தான் என்று புஸ்தகமே போட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆணின் உடம்புக்குத் தலை முதல் கால்வரை அளவு சொன்ன சென்னினி, பெண்ணுக்கு ஒழுங்கான அளவே கிடையாதென்று தள்ளிவிட்டார். நீலம் எடுக்க மட்டும் ஆண்களைவிட இளம்பெண்களின் கையே நயமானதாம்! அந்தப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார்களே, ஒரு நூலை எடுத்து அளந்து பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?