ஓய்வுக்குப் பின் உழைப்பு



உங்கள் இல்லத்துப் பெரியவர் எவரேனும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளை நீங்கள் கண்டிருக்கக்கூடும். மாலை சூட்டுவார்கள், பாராட்டிப் பேசுவார்கள், வீடு வரையில் உடன் வந்து விடைபெறுவார்கள். மறுநாட் காலையில் அவர் வழக்கம்போல் எழுந்து, நீராடி, தூய உடை உடுத்துப் போவதற்கு இடமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார். கற்ற கல்வி அவரை விட்டு அகலவில்லை. பழகிய தொழிலையும் கை மறந்துவிடவில்லை. நாட்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவே. இந்நிலையில் ஒருவர் யாது செய்யலாம்? மெய்யாக நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டில் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தவர். மருத்துவம் பயின்று இராணுவத்தில் பணி ஏற்றார். கொடிய மூட்டு வாதம் தாக்கவே, 1948-இல் அப்பணியை விட நேர்ந்தது. விரல்கள் கோணி முடங்கின. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. கண் மருத்துவம் கற்றார். கோணிய விரல்களாலேயே நுண்ணிய கருவிகளைப் பிடிக்கப் பழகினார். மதுரை அரசினர் மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். ஊர்தோறும் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார்.

1976-இல் அவர் ஓய்வு பெற்றார். கண்புரையால் பார்வை இழந்தோரோ நாட்டில் குறைந்தபாடில்லை. ஆகவே சொந்தமாக ஒரு மருத்துவமனை தொடங்கத் துணிந்தார். வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. ஓய்வு பெற்ற முதியவர். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்வதாகச் சொல்கின்றார். கடன் எங்ஙனம் திரும்பும் என்று அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. வீட்டை அடகு வைத்தார்; உடன்பிறந்தார் நகைகளைக் கொடுத்து உதவினர். 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தோன்றியது.

இம்முயற்சி எவ்வாறு நிலைத்தது? கட்டணம் செலுத்த இயன்றோரிடம் பெற்ற பொருளைக் கொண்டே இயலாதோர்க்கும் மருத்துவம் செய்தனர். ஒருவருக்கு அறுவை நடைபெறும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தம் செய்து வைத்தனர். மருத்துவரின் பொழுது வீணாகவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துத் துணைப்பணிகளை ஒப்படைத்தனர். 1992-இல் கண்ணுள் பொருத்தும் வில்லைகளைத் தாமே செய்யும் தொழிற்கூடத்தையும் நிறுவினர். வெளிநாட்டிலிருந்து வாங்கியபோது மிக்க விலையாயிருந்த வில்லை, ஏழைக்கும் எட்டுவதாயிற்று. 2006-இல் டாக்டர் வெங்கடசாமி மறையும்போது, அம்மருத்துவமனை உலகின் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது.

ஓய்வு பெற்றோர் அனைவரும் வீட்டை அடகு வைத்துத் தொழில் தொடங்க வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டா! வாழ்நாள் முழுதும் எழுத்தராக இருந்தவர், கைக்கு வந்த சேமிப்பு முழுவதையும் தாம் அறியாத வாணிகத்தில் இட்டு இழந்தால், முதுமையில் அதனை மீண்டும் ஈட்டக் காலம் இராது. துணைவியாரின் மருந்துச் செலவும் அப்பணத்தையே நம்பியிருக்கும். டாக்டர் வெங்கடசாமி அறியாத தொழிலில் இறங்கவில்லை. பல்லாண்டுகள் செய்த பணியையே தொடர்ந்தார். தொடக்கத்தில் 11 படுக்கைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அவர் இட்ட பெருமுதல் பணமன்று. தேர்ந்த திறன், மக்கள் வைத்த நம்பிக்கை, துணைநின்ற சுற்றம் ஆகிய மூன்றுமே ஆகும்.

சொந்தத் தொழில் வேண்டாதார்க்கும் வழி உண்டு. பொறியாளர் இ. ஸ்ரீதரன் 1990-இல் இரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னரே கொங்கண் இரயில் பாதை அமைக்கும் பொறுப்பை ஏற்றார்; பின்பு தில்லி மெட்ரோ இரயில் பணிக்கும் தலைமை தாங்கினார். அவரைத் தேடி வந்த வேலை அவருடைய அறிவையும் நாணயத்தையும் நாடி வந்ததே அன்றோ? சிற்றளவில் இதுவே எங்கும் நிகழ்கின்றது. கணக்கர் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகின்றார். ஆசிரியர் மாலையில் பாடம் சொல்லுகின்றார்.

இளைஞர்களாகிய உங்களுக்கு இப்பேச்சு எதற்கு? பதவி ஒரு நாள் நம்மை விட்டு நீங்கும். திறன் நம்முடனேயே இருக்கும். அத்திறனைத் தேடும் பருவம் உங்களுடைய பருவமே. மற்றொன்றும் உண்டு. இன்று வீடு திரும்பியதும் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் அவர் செய்த தொழிலைப் பற்றிக் கேளுங்கள். கற்றுத் தருமாறு வேண்டுங்கள். ஓய்வுக்குப் பின் அவருக்குக் கிடைக்கும் முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்.