மாவு பொங்கும் நேரம்

  

பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் பிறந்த நாள் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டில் பிள்ளைக்கு அறிவியல் சொல்லித் தருவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கும் குமரப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி மாதம். காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசலில் மழை விழுந்தது. அப்போது என் மகளுக்கு ஆறு வயது. வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "அம்மா, மண்ணு ஏம்மா மணக்குது?" என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். "ஆண்டவர் அப்படிப் படைச்சிருக்கார்டி" என்றேன். அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னது பொய் இல்லை. என் விசுவாசமே அதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஆண்டவர் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டேன். அவர் பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்ற கட்டளையில் இதுவும் சேரும் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தேன். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் சில, ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழைத்துளி விழுந்ததும் மண் துளைகளில் உள்ள காற்று சின்னக் குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. வாசம் அதோடு கிளம்பி வருகிறது. இதை மகளிடம் சொன்னேன். "இந்தப் பேரெல்லாம் ஆண்டவரா வச்சார்?" என்றாள்.

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! ஆதியாகமத்தில் பெயர் வைத்தது ஆதாம். படைத்தவர் மிருகங்களையும் பறவைகளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இவன் என்ன பேர் வைக்கிறான் என்று பார்த்திருந்தார். உற்றுப் பார்ப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, பெயர் வைப்பது. அறிவியலின் முதல் பாடம் இதுதானே? அந்த வேலையை அவர் நம்மிடம் விட்டிருக்கும்போது, பிள்ளை கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று நாம் ஏன் பயப்பட வேண்டும்?

இனி குமரப்பா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். கடைசிக் காலத்தை நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். சிறையில் இருந்தபோது எழுதிய இரண்டு புத்தகங்கள் 1945-இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இன்னொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. அந்த இரண்டாவது புத்தகத்தை அவர் பணத்தில் ஆரம்பிக்கவில்லை, இயற்கையில் ஆரம்பிக்கிறார். ஆட்டை அடிக்கும் புலி. தான் வைக்காத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ. குஞ்சுக்கு இரை தேடி அலையும் தாய்ப்பறவை. இந்த ஐந்தையும் படிப்படியாக நிறுத்தி, மனிதன் இதில் எந்தப் படியில் நிற்கிறான் என்று யோசிக்க வைக்கிறார்.

நம் வீட்டு வேப்பமரத்தடியிலேயே இந்தப் பாடத்தில் பாதியைக் காட்டலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புலி பாவம் செய்யவில்லை, பசிக்குத் தின்கிறது. எப்படி வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நமக்குத்தான் இருக்கிறது.

குமரப்பா தன் வீட்டில் ஓர் ஏழை விவசாயியின் படத்தை மாட்டியிருந்தாராம். காந்தி என் குரு, இவர் என் குருவுக்குக் குரு என்று வந்தவர்களிடம் சொல்வாராம். அந்தக் குரு நம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கரிசல் ஏன் வெடிக்கிறது என்று பிள்ளையைத் தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குடித்து உப்பும் களி அது, காய்ந்தால் சுருங்கும். ஒரு டம்ளரில் கரிசலும் இன்னொன்றில் செம்மண்ணும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, நாலு நாள் வெயிலில் வையுங்கள். தாத்தா சொன்னது பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரியும்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், உடற்கூறு பாடத்தையே தமிழில் புத்தகமாக்கினார், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அமெரிக்காவில் பிறந்தவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். புளித்த மாவைப் பற்றி இயேசு சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். அதில் வருகிறவள் ஒரு பெண். மாவு பிசைகிறவள். நம்மைப் போன்றவள். இன்றைக்கு ராத்திரி இட்லி மாவு ஆட்டியதும் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதிப் பாதி ஊற்றுங்கள். மாவு நிற்கும் மட்டத்தில் டம்ளருக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றை அடுப்படி மேடையில் வையுங்கள். எது ஏறும் என்று பிள்ளைகள் படுக்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதட்டும். தப்பாக எழுதினாலும் திருத்த வேண்டாம்.

காலையில் மேடையில் இருந்தது ரப்பர் பேண்டைத் தாண்டியிருக்கும். ஓரத்தில் ஊசிமுனை போலக் குமிழிகள் தெரியும். உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட கரியமில வாயு அது. உளுந்தின் பிசுபிசுப்பு அதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. குளிரில் இருந்த டம்ளரில் அந்த வேலை ஏறக்குறைய நின்றிருக்கும். இதையெல்லாம் உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை முதலில் பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும். அப்புறம் அந்த உவமையை அதற்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாளைக் காலையில் தனியாக எழுந்து இட்லி ஊற்றிவிடாதீர்கள், தாய்மார்களே. பிள்ளையை எழுப்பிவிட்டு அதன் கண்முன்னே தட்டை எடுங்கள். அது என்ன கேட்டது என்று அடுத்த கூட்டத்தில் வந்து எனக்குச் சொல்லுங்கள்.