ஓர் உம்மையும் ஒரு வீடும்

நமது பழைய அரசியற் பெரியார்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றிப் பேசப் புகுவோர் கொழும்பை விட்டு வெளியே வருவது அபூர்வம். வார்ட் பிளேசில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் ‘சுகஸ்தான்’, ஹோர்ட்டன் பிளேசில் அவர் தம்பி அருணாசலத்தின் ‘பொன்க்ளார்’ என்று பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். இன்று நான் உங்களை மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே, ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி, வந்தாறுமூலைக்கு அழைக்கிறேன். வழிப்போக்கர் வந்து களைப்பாறிய மூலை என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான்.

இந்த வீட்டுக்குரியவர் வ. நல்லையா. ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1943 இல் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குப் போனார். பின்னர் 1947 முதல் 1956 வரை கல்குடாவின் பாராளுமன்ற உறுப்பினர், அமைச்சராகவும் இருந்தார். ஆனால் நான் சொல்லும் வீடு அவர் குடியிருந்த வீடு அல்ல. ஊரார் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காக அவர் பாடுபட்டு எழுப்புவித்த வீடு.

அதற்குள் நுழையுமுன் காலிமுகத்திடலிலுள்ள இன்னொரு கட்டடத்தை எட்டிப் பார்த்துவிட வேண்டும். இன்று அது ஜனாதிபதி செயலகம்; அன்று அரசாங்க சபை. 1944 மே மாதம் 24 ஆம் திகதி அங்கே ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒரு பிரேரணையை எடுத்தார். நியாயமான கால எல்லைக்குள் ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களம் அரசகரும மொழியாக வேண்டும் என்பது அதன் நோக்கம். பாடசாலைகளில் போதனா மொழி, பொதுப் பரீட்சைகளில் கட்டாய பாடம், சபை நடவடிக்கைகளில் அந்த மொழிக்கு இடம் என்று அது விரிந்தது. பிறமொழி நூல்களைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்க்க ஓர் ஆணைக்குழு வேண்டும் என்றும் அதில் ஒரு வாசகம் உண்டு. இலக்கியக்காரர் கண்ணில் முதலில் படுவது அந்த வாசகந்தான். இத்தனை விவாதமும் நடந்தது ஆங்கிலத்தில் என்பது வேறு கதை.

நல்லையா கொண்டுவந்த திருத்தம் மிகச் சிறியது. ‘சிங்களம்’ என்று வருமிடத்தில் ‘தமிழும்’ சேரவேண்டும் என்பதே அது. ஜயவர்த்தனா அதற்கு இணங்கினார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் இரு மொழிகளும் அரசகரும மொழிகளாவதில் தமக்கு ஆட்சேபமில்லை என்றே பேசினார். மறுநாள், திருத்தப்பட்ட பிரேரணை 27 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை இரண்டே வாக்குகள்.

நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்வார். ‘சாத்தனும் கொற்றனும் வந்தனர்’ என்றால் அது எண்ணும்மை. இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் எச்சவும்மை. வேறொருவன் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டான், இவன் பிறகு வருகிறான். நல்லையா 1944 இல் வாங்கிக் கொடுத்தது எண்ணும்மை: சிங்களமும் தமிழும். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் அந்த உம்மையை அடியோடு எடுத்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர், முன்பு ஆட்சேபமில்லை என்ற அதே பண்டாரநாயக்கா. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் ஜயவர்த்தனாவின் ஆட்சியில் வந்தபோது அரசியலமைப்பில் சிங்களம் அரசகரும மொழி என்ற வாக்கியம் முதலில் நிற்க, தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற வாக்கியம் அதன்பின் வந்து நின்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகளில், எத்தனையோ உயிர்கள் போனபின், எண்ணும்மை எச்சவும்மையாகத் திரும்பி வந்தது. இலக்கண ஆசிரியருக்கு இது சிறு வேறுபாடு அல்ல. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுவிக்கப் போகிறவருக்கும் அல்ல.

ஆட்சியாளரோடு இணங்கிப் போனவர் என்று நல்லையாவை ஒதுக்கிவிடுவோர் உண்டு. இணங்கிப் போனவர்தான். ஆனால் அந்த இணக்கத்தால் கிழக்குக்குக் கிடைத்ததையும் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா? கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியோடு மத்திய பாடசாலைகளையும் கிராமப்புறங்களில் நிறுவிவந்த காலம் அது. அவற்றில் ஒன்று வந்தாறுமூலைக்கு வந்தது நல்லையாவின் முயற்சியால். நகரத்து மிஷன் பாடசாலைகளின் வாசற்படியை மிதிக்க வழியில்லாத, வயலோரத்து, வாவிக்கரைப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்று விடுதியில் தங்கிப் படித்தார்கள். பேராசிரியர் சி. மௌனகுரு அங்கே படித்தவர். மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்கிற்குக் கொண்டுவந்தோரில் ஒருவர், பின்னாளில் பேராசிரியராக அதே வளவுக்குத் திரும்பினார்.

திரும்பியபோது அது பல்கலைக்கழகமாகியிருந்தது. 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்தப் பாடசாலைக் கட்டடங்களிலேதான் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. புதிதாகக் கட்டப்பட்ட பளபளப்பான மண்டபங்களில் தொடங்கியதல்ல. கிராமத்துப் பிள்ளைகள் படித்த வகுப்பறையே விரிவுரை மண்டபம் ஆனது.

1990 இல் போர் மூண்டபோது சுற்றுக் கிராமங்களின் சனங்கள் அந்த வளாகத்துக்கே ஓடி வந்தார்கள். வந்து ஆறலாம் என்றுதான் வந்தார்கள். செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேரைப் படையினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. காணாமற்போனோர் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழுவின் முன்னும் இது சாட்சியமாக வைக்கப்பட்டது. அந்த வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

பல்கலைக்கழகத்தில் நல்லையாவின் பெயரால் ஒரு மண்டபம் இருக்கிறது. நாடகத்துக்கும் கருத்தரங்குக்கும் அதற்குள் போகிற மாணவருக்கு அவருடைய பேச்சு தமிழில் கையில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. 1944 மே 24, 25 ஆகிய இரண்டு நாள் ஹன்ஸார்ட்டுத்தான். ஒரு சிறு நூலளவு வரும். மொழிபெயர்ப்பு ஆணைக்குழு ஒன்று தேவையில்லை. ஆங்கிலமும் தமிழும் தெரிந்த இரண்டு மாணவரும், அவர்களைத் திருத்த ஓர் ஆசிரியரும் போதும்.